ஹன்னா டோரி தூங்கிய வீடு

திங்கட்கிழமை காலை மாரீன் ஹிபர்ட் பெரில் ஆக்வெல்லின் சமையலறைக்குள் வந்தபோது அவள் கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. மழைக்கோட்டை அவள் கழற்றவில்லை. உட்காரவும் இல்லை.

"சனிக்கிழமைக்குள்ள முடியுமா, மிஸஸ் ஆக்வெல்? முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் அப்பாவைக் கூட்டிக்கிட்டு வேற எங்கயாவது போயிடறேன்."

"முதல்ல உட்காரும்மா. என்ன முடியணும்னு சொல்லு. நாள் கணக்கை அப்புறம் பாக்கலாம்."

பெரில் முப்பத்தொரு வருடம் நெதர்வெல்லிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் சைக்கிளில் தபால் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு மற்றவர்களின் முன்னோர்களைத் தேடிக் கொடுப்பது அவருடைய வேலையாகிவிட்டது. உயிரோடு இருப்பவர்களைவிட இவர்கள் தேவலை, நாய் வளர்ப்பதில்லை என்பார். அடுப்பருகே உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர் நார்மன் ஸ்டக்கி. கசாப்புக் கடையை மூடி நான்கு வருடம் ஆகியும் அவர் காதில் பென்சில் இருந்தது. ஒரு தடயம் என்று யாராவது சொன்னால் போதும், ரொட்டியைக் கீழே வைத்துவிடுவார். இப்போதும் வைத்தார்.

மாரீன் உட்கார்ந்தாள். ஐம்பத்து நான்கு வயது, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அப்பாவோடு இருக்கிறாள். அவளுடைய கொள்ளுப்பாட்டி ஹன்னா டோரி 1851இல் நெதர்வெல் பாதிரியார் வீட்டில் வேலைக்காரி. அந்த வருடம் மார்ச் மாதம் பாதிரியார் வீட்டிலிருந்து பன்னிரண்டு வெள்ளி ஸ்பூன்கள் காணாமல் போயின. பழி ஹன்னாவின் மேல் விழுந்தது.

"அன்னிலேர்ந்து எங்க குடும்பத்துக்கு ஸ்பூன்னுதான் பேரு. அப்பாவை ஸ்கூல்ல ஸ்பூன்னு கூப்பிட்டாங்க. பட்டாளத்துல சேர்ந்தாரு, அங்கயும் நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் இருந்தான், அங்கயும் ஸ்பூன். எண்பத்து நாலு வயசாச்சு, இன்னும் ஸ்பூன்தான். அதெல்லாம் பழகிப்போச்சு. இப்பதான் டெரிக் புதுசா ஒண்ணு கிளப்பியிருக்கான்."

டெரிக் ஊர் பப்பின் சொந்தக்காரன். அந்தப் பப்புக்கு இருநூறு வருடமாகக் 'கலப்பை' என்று பெயர். அதை மாற்றி 'வெள்ளி ஸ்பூன்' என்று வைக்கப்போகிறான். ஒரு வேலைக்காரப் பெண் ஏப்ரனுக்குள் ஸ்பூன்களை ஒளித்துக்கொண்டு ஓடுகிற மாதிரி பெயர்ப்பலகையும் தயார். சனிக்கிழமை மதியம் மாட்டுகிறார்கள்.

"எங்க வீடு பப்புக்கு நேர் எதிர்ல. அப்பா ஜன்னல்கிட்ட இருந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டுட்டார். மூணு நாளா சுவரைப் பாத்துட்டு உக்காந்திருக்கார். சாப்பிடக் கூப்பிட்டா மட்டும் எழுந்திரிக்கறார்."

"டெரிக்கிட்ட பேசினியா?"

"பேசினேன். ஆதாரம் கொண்டா, மாத்திடறேன்னான். மிஸ்டர் க்ராடக்கைப் பாருன்னான். அவர் இதைக் குடுத்து, படிச்சுப் பாத்துட்டு அமைதியா இருங்கன்னார்."

லயனல் க்ராடக் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊர் வரலாற்றைப் புத்தகமாக எழுதியவர். பிஸ்கட் டப்பாவில் இருந்தது அவர் கொடுத்த நகல்: 1851 ஏப்ரல் இரண்டாம் தேதி, புதன்கிழமை, நீதிபதி முன்னால் நடந்த விசாரணையின் தாள்கள். பெரில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

பாதிரியாரின் மனைவி திருமதி பெல்லமி: "ஞாயிறு இரவு பத்து மணிக்கு ஸ்பூன்களை எண்ணி அலமாரியில் வைத்தேன். பன்னிரண்டும் இருந்தன. அன்று என் சகோதரர் கேப்டன் ஆலிவர் எதிர்பாராமல் வந்து எங்களுடன் உணவருந்தி, திங்கள் விடியலில் கிளம்பினார். காலை ஏழு மணிக்கு அலமாரியைத் திறந்தபோது ஸ்பூன்கள் இல்லை. ஞாயிறன்று வேலைக்காரப் பெண்கள் மூவரும் குதிரைக்காரனும் விடுப்புக் கேட்டிருந்தார்கள். மற்ற மூவருக்கும் திங்கள் வரை கொடுத்தேன். ஹன்னா டோரிக்குக் கொடுக்கவில்லை. அவள் ஏழைகள் விடுதியிலிருந்து வந்த அனாதை, போக இடம் இல்லை. என் அனுமதி இல்லாமல் ஞாயிறு மதியம் பன்னிரண்டரைக்குக் கிளம்பிவிட்டாள்."

சமையல்காரி: "சனிக்கிழமை மூன்று பெண்களும் என் அடுப்பில் கேக் சுட்டார்கள். பெட்சியும் ஜேனும் எஜமானி கொடுத்த மாவில் சுட்டார்கள். ஹன்னாவுக்குக் கிடைக்கவில்லை, அவள் மாவும் உலர்ந்த திராட்சையும் தானே கடையில் வாங்கினாள். யாருக்கு என்று கேட்டேன். சிரித்தாள், பதில் சொல்லவில்லை. ஞாயிறு ஐந்து மணிக்கு மழை பிடித்தது. திங்கள் ஆறு மணிக்கு ஹன்னா வந்து அடுப்பு மூட்டினாள். ஏழு மணி வரை என் பக்கத்திலேயே வேலை செய்தாள். பின்கதவுச் சாவி வாளிக்கு அடியில் இருக்கும், அது எல்லா வேலைக்காரர்களுக்கும் தெரியும்."

ஊர்க் காவலர்: "எட்டு மணிக்கு நான் பார்த்தபோது அவள் பூட்ஸ் கணுக்கால் வரை வெள்ளைச் சேறு. பாவாடை ஓரத்திலும் அதே. பொருளைச் சுண்ணாம்பு மேட்டில் புதைத்திருப்பாள் என்று ஆறு பேர் இரண்டு நாள் தோண்டினோம். கிடைக்கவில்லை."

கடைசியில் ஹன்னா: "நான் திருடவில்லை. போன இடத்தைச் சொல்ல மாட்டேன்."

பெரில் தாளைக் கீழே வைத்தார். "அப்புறம்?"

"ஆதாரம் இல்லைன்னு விட்டுட்டாங்க. ஆனா வேலை போச்சு. நற்சான்றுக் கடிதம் இல்லாம வேற எந்த வீட்ல சேர்ப்பாங்க? பதினோரு வருஷம் வயல்ல கல் பொறுக்கினா. அப்புறம் வண்டிக்காரன் ஹிபர்ட்டைக் கட்டிக்கிட்டா. ஊரை விட்டு மட்டும் போகவே இல்ல. வாராவாரம் சர்ச்சுல அந்தப் பாதிரியார் குடும்பத்துக்கு ரெண்டு வரிசை பின்னால உக்காந்திருப்பாளாம்."

"நெஞ்சழுத்தக்காரி," என்றார் நார்மன் மரியாதையோடு. "கேஸ் எனக்குப் புரிஞ்சுபோச்சு. காதலன். கேக் அவனுக்கு."

"லெந்து நோன்பு நாள்லயா, நார்மன்? பாதிரியார் வீட்டு அடுப்புல? சமையல்காரி கரண்டியாலயே போட்டிருப்பா."

"அப்ப மூணு பேருக்கும் அடுப்பை எப்படி விட்டா?"

"நல்ல கேள்வி," என்றார் பெரில். "அதைக் காதுல இருக்கற பென்சிலை எடுத்து எழுதிக்கோங்க."

மாரீன் எழுந்தபோது அவள் மழைக்கோட்டுப் பையிலிருந்து ஒரு உறை கீழே விழுந்தது. பெரில் குனிந்து எடுத்தார். உள்ளே ஊதாப் பூக்கள் போட்ட வாழ்த்து அட்டை.

"அதுவா, அம்மாவுக்கு," என்றாள் மாரீன் கொஞ்சம் வெட்கத்தோடு. "அம்மா போய் ஒன்பது வருஷம் ஆச்சு. இருந்தாலும் வருஷா வருஷம் வாங்கிடுவேன். இந்த ஞாயித்துக்கிழமை கல்லறையில வெக்கணும்."

பெரில் அந்த அட்டையைத் தேவைக்கு அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"மாரீன், நான் வாக்குக் குடுக்கமாட்டேன். ஆனா சனிக்கிழமை பதினோரு மணிக்கு உங்கப்பாவைப் பப்புக்குக் கூட்டிட்டு வா."

அவள் போனதும் நார்மன் கேட்டார்: "நான் என்ன பண்ணணும்?"

"சர்ச்சுக்குப் போங்க. பழைய ஜெபப் புத்தகத்துல வருஷா வருஷம் ஈஸ்டர் என்னிக்குன்னு ஒரு அட்டவணை இருக்கும். 1851க்குப் பாத்துட்டு வாங்க."

"ஈஸ்டரா? ஸ்பூனுக்கும் ஈஸ்டருக்கும் என்ன?"

"உங்களுக்கு ஈஸ்டர்னா ஆட்டுக்கறி. எனக்கு அதுக்கு மூணு வாரம் முன்னாடி இருக்கற ஞாயித்துக்கிழமை."

செவ்வாய்க்கிழமை இருவரும் பேருந்தில் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போனார்கள். 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அங்கே மைக்ரோஃபிலிமாக இருந்தது. பெயர் வரிசைப் பட்டியல் கிடையாது. ஊர் ஊராக, வீடு வீடாக, பக்கம் பக்கமாக உருட்டிப் படிக்க வேண்டும். அந்தக் கணக்கெடுப்பின் விதி ஒன்றுதான்: மார்ச் முப்பது ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரு வீட்டில் யார் யார் தூங்கினார்களோ அவர்கள் பெயரை வீட்டுக்காரர் எழுத வேண்டும்.

ஸ்பூன்கள் காணாமல் போனதும் அதே இரவுதான்.

நெதர்வெல் பாதிரியார் வீட்டுப் பக்கம் வந்ததும் நார்மனின் முகம் தொங்கிவிட்டது. பாதிரியார், மனைவி, சமையல்காரி, பெட்சி, ஜேன், குதிரைக்காரன், ஹன்னா டோரி. பெயர்கள் அழகான கையெழுத்தில் இருந்தன.

"க்ராடக் தன் புத்தகத்துல எழுதினது சரி. அவ அன்னிக்கு ராத்திரி அந்த வீட்லதான் இருந்திருக்கா. பாதிரியாரே எழுதியிருக்கார். பேசாம பஸ்ஸைப் பிடிப்போம்."

"எல்லாரும் இருக்காங்க, இல்ல?"

"ஒருத்தர் விடாம."

"கேப்டன் ஆலிவர் இருக்காரா?"

நார்மன் மறுபடி பார்த்தார். "இல்ல."

"சந்தோஷம்," என்று சொல்லிவிட்டுப் பெரில் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். "ஈஸ்டர் என்னாச்சு?"

"ஏப்ரல் இருபது. மூணு வாரம் முன்னாடின்னா..." நார்மன் விரல்விட்டு எண்ணினார். நிறுத்தினார். "மார்ச் முப்பது. அன்னையர் ஞாயிறு."

"இப்ப நம்ம கடைகள்ல அட்டையும் பூவும் விக்கிறாங்க. அப்ப அது வேலைக்காரப் பொண்ணுங்களோட நாள். வருஷத்துல ஒரு நாள் அம்மாவைப் பாக்க விடுவாங்க. கையில ஒரு கேக்கோட போவாங்க. அதான் லெந்து நாள்ல சமையல்காரி அடுப்பை விட்டா. மூணு பேருக்கும் விட்டா."

"ஆனா இவ அனாதையாச்சே."

"யார் சொன்னா?"

"பாதிரியார் பொண்டாட்டி."

"அவங்களுக்கு யார் சொன்னா? ஏழைகள் விடுதியிலேர்ந்து வந்த பொண்ணுன்னா அனாதைன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. அதே முடிவை நீதிபதி எடுத்தார், காவலர் எடுத்தார், நூத்து முப்பது வருஷம் கழிச்சு க்ராடக்கும் எடுத்தார். அம்மா இல்லாத பொண்ணுக்கு அன்னிக்கு லீவு எதுக்கு, அப்ப ஏதோ திருட்டு வேலைதான்னு. நான் தபால்காரி, நார்மன். கடிதம் திரும்பி வந்துடுச்சுன்னா ஆள் செத்துட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. விலாசம் மாறியிருக்கும்."

ஏழைகள் விடுதியின் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார்கள். 1832 பிப்ரவரி: ஹன்னா, திருமணமாகாத சேரா டோரியின் மகள். அதற்குப் பக்கத்தில், இரண்டு வருடம் கழித்து வேறு கையெழுத்தில்: தாய் குழந்தையை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நார்மன் அந்த வரியை மறுபடி படித்தார். "போயிட்டா. சாகல."

"சாகல."

"சரி, எங்கே தேடறது? இந்த மாவட்டத்துல முந்நூறு ஊர் இருக்கு. இன்னும் மூணு நாள்தான்."

"பூட்ஸ்ல இருக்கே விலாசம்." பெரில் நோட்டின் பின்பக்கத்தில் ஒரு கோடு போட்டார். "நம்ம பக்கம் முழுக்கக் கறுப்புக் களிமண். வெள்ளைச் சேறுன்னா சுண்ணாம்பு மேட்டுப் பாதையில போயிருக்கா. அந்தப் பாதை நேரா பாதிரியார் வீட்டுப் பின்கேட்டுக்கே வந்து சேரும். காவலரும் அவ்வளவு தூரம் சரியாத்தான் யோசிச்சார். ஆனா அவர் மழையில அந்தப் பாதையில சைக்கிள் ஓட்டினதில்ல. நம்ம பக்கத்துச் சரிவுல புல்லும் கல்லும்தான், ஒட்டாது. கணுக்கால் வரைக்கும் அமுக்கற சேறு மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம், பள்ளமான வண்டித் தடத்துலதான். அவ மேட்டுக்குப் போகல. மேட்டைத் தாண்டிப் போனா. அந்தப் பக்கம் நடக்கற தூரத்துல மூணே ஊர்."

"மூணு ஊர்," என்றார் நார்மன். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். "உருட்டுங்க."

புதன்கிழமை முழுவதும் உருட்டினார்கள். மங்கலான எழுத்து, மை கொட்டிய பக்கங்கள், ஒரே மாதிரி வில்லியம்களும் மேரிகளும். முதல் ஊர் முடிந்தது. இல்லை. நார்மனுக்குக் கண் எரிந்தது. பக்கத்து மேசைக்காரர் இருமல் மாத்திரை கொடுத்தார். அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் மாரீன் காத்திருந்தாள். அப்பா இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்றாள்.

வியாழக்கிழமை இரண்டாவது ஊர். இல்லை. நடுவில் ஒரு மணி நேரம் பெரில் நெதர்வெல்லுக்குப் பக்கத்து ஊரின் பிலிமை எடுத்துப் பார்த்து எதையோ குறித்துக்கொண்டார். நேரத்தை வீணாக்குகிறார் என்று நார்மன் முணுமுணுத்தார். மூன்றாவது ஊரான ஷெப்ஸ்டனை ஆரம்பித்தபோது மணி மூன்று. நாலே முக்காலுக்குக் காவலாளி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கினார்.

"பெரில்."

முப்பது வருடம் கடைக்குள்ளிருந்து தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்ட குரல் அது. அறையே திரும்பிப் பார்த்தது.

ஜான் மாஸ்லன், வண்டிச்சக்கரம் செய்பவர், நாற்பத்து நான்கு வயது. மனைவி சேரா, முப்பத்தெட்டு. பிள்ளைகள் ஐந்து பேர். அதற்குக் கீழே கடைசி வரியில்: ஹன்னா டோரி, விருந்தாளி, பத்தொன்பது, வீட்டு வேலைக்காரி.

வெள்ளிக்கிழமை ஷெப்ஸ்டன் சர்ச்சின் திருமணப் பதிவேட்டைப் பார்த்தார்கள். 1835: ஜான் மாஸ்லனும் சேரா டோரியும். மணமகள் கன்னி என்று எழுதியிருந்தது.

நார்மன் அந்த வரியின் மேல் விரலை வைத்தபடியே இருந்தார். "அம்மா வீட்லயே விருந்தாளி," என்றார்.

பெரில் நோட்டை மூடினார். "அதனாலதான் வாயைத் திறக்கல."

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பப்பின் முன்னறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். புதிய பெயர்ப்பலகை இரண்டு நாற்காலிகளின் மேல் சாய்ந்திருந்தது, மேசைத்துணி போர்த்தியிருந்தது. டெரிக் கண்ணாடிக் குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். க்ராடக் தன் புத்தகத்தை முழங்காலில் வைத்திருந்தார். ரெஜ் ஹிபர்ட் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மாரீன் பக்கத்தில் நின்றாள்.

"சுருக்கமா சொல்லுங்க, மிஸஸ் ஆக்வெல்," என்றான் டெரிக். "பன்னிரண்டு மணிக்கு ஏணி வருது. பெயின்டர் என் மச்சான், இருந்தாலும் மணிக்கணக்குக்குத்தான் காசு வாங்கறான்."

"மிஸ்டர் க்ராடக் முதல்ல சொல்லட்டும்."

க்ராடக் கெட்டவர் அல்ல. தாளை நம்புகிறவர், அவ்வளவுதான். "எனக்கு ஹிபர்ட் குடும்பத்தோட எந்தப் பகையும் இல்ல. ஆனா பாதிரியார் சென்சஸ் தாள்ல தன் கையால எழுதியிருக்கார். அன்னிக்கு ராத்திரி ஹன்னா அவர் வீட்ல தூங்கினா. வெளியே எங்கயோ இருந்தேன்னு சொன்னது பொய். இதுக்கு மேல என்ன வேணும்?"

"அதே தாள்ல பெட்சியும் ஜேனும் குதிரைக்காரனும் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அவங்க மூணு பேருக்கும் திங்கட்கிழமை வரைக்கும் லீவுன்னு பாதிரியார் பொண்டாட்டியே நீதிபதிகிட்ட சொல்லியிருக்காங்க. அப்புறம் எப்படி அன்னிக்கு ராத்திரி அங்கே தூங்கினாங்க?"

க்ராடக் தன் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேடினார்.

"அந்தத் தாளை முந்தின வாரமே வீடு வீடாக் குடுத்துடுவாங்க," என்றார் பெரில். "பாதிரியார் ஒழுங்கானவர். பிரசங்கம் எழுதற மாதிரி சனிக்கிழமையே எழுதி முடிச்சிட்டார். தன் வீட்ல வழக்கமா யார் இருப்பாங்களோ அவங்களை எழுதினார். மறுநாள் அன்னையர் ஞாயிறு, வேலைக்காரங்க எல்லாம் வீட்டுக்குப் போவாங்கங்கற நினைப்பே அவருக்கு வரல. வேலைக்காரங்களுக்கும் அம்மா இருப்பாங்கன்னு யோசிக்காத வீடு அது. நார்மன், பெட்சி எங்க தூங்கினா?"

நார்மன் இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். "பக்கத்து ஊர்ல, அவ அம்மா வீட்ல. அந்தத் தாள்லயும் பேர் இருக்கு. மிஸஸ் ஆக்வெல் வியாழக்கிழமை பாத்தாங்க. நான் அதுக்குத் திட்டினேன்."

"ஒரே ராத்திரி ஒரே பொண்ணு ரெண்டு வீட்ல தூங்க முடியாது. அப்ப ரெண்டுல ஒரு தாள் தப்பு. எது தப்புன்னு லீவு சொல்லுது."

"சரி," என்றார் க்ராடக் மெதுவாக. "பாதிரியார் தாளை விட்டுடுவோம். அதனால ஹன்னா வேற இடத்துல இருந்தான்னு ஆகிடாதே."

பெரில் மேசைமேல் ஒரு நகலை வைத்தார். க்ராடக் குனிந்து படித்தார். இரண்டு முறை படித்தார்.

"ஷெப்ஸ்டன்," என்றார்.

"ஏழு மைல். கேக்கை எடுத்துக்கிட்டு, மேட்டைத் தாண்டி, அம்மாவைப் பாக்கப் போனா. ஏழைகள் விடுதியில விட்டுட்டுப் போன அம்மா. எப்படியோ தேடிக் கண்டுபிடிச்சிருக்கா. எப்படின்னு எந்தத் தாளும் சொல்லல. அஞ்சு மணிக்கு மழை பிடிச்சது, திரும்ப முடியல, அங்கேயே தூங்கினா. மாஸ்லன் சென்சஸ் தாள்ல விருந்தாளின்னு எழுதினார். ஏன்னா அவ யாருன்னு அவருக்குத் தெரியாது. யாரோ வேலைக்காரப் பொண்ணு, பொண்டாட்டிக்குத் தெரிஞ்சவ, மழைக்கு ஒதுங்கியிருக்கா, அவ்வளவுதான்."

"அதை நீதிபதிகிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே விட்டிருப்பாங்களே," என்றான் டெரிக்.

"சொல்லியிருந்தா காவலர் ஷெப்ஸ்டனுக்குப் போய்க் கதவைத் தட்டியிருப்பார். இந்தப் பொண்ணு உங்க வீட்டுக்கு ஏன் வந்தான்னு அஞ்சு பிள்ளைங்க முன்னாடி கேட்டிருப்பார். கன்னின்னு கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் பண்ணின பொம்பளை என்ன பதில் சொல்வா? ஹன்னா வாயைத் திறந்தா அவ அம்மா குடும்பம் போகும். திறக்கலைன்னா அவ வேலை போகும். வேலை போகட்டும்னு இருந்துட்டா."

ரெஜ் தன் தொப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

க்ராடக் இன்னும் விடவில்லை. "ராத்திரி எழுந்து வந்து திருடிட்டுத் திரும்பிப் போயிருக்கலாமே?"

"ஏழு மைல் வந்து, திருடி, ஏழு மைல் போய், மறுபடி ஏழு மைல் வந்து ஆறு மணிக்கு அடுப்பு மூட்டணும். மழையில. அந்தச் சேத்துல. மிஸ்டர் க்ராடக், உங்களுக்கு ஒரு சைக்கிள் தரேன். இன்னிக்கு ராத்திரி செஞ்சு பாருங்க."

டெரிக் சிரித்துவிட்டான். க்ராடக்கே கொஞ்சம் சிரித்தார்.

"இன்னொண்ணு. திருடினவ எதுக்குத் திரும்பி வரணும்? இருட்டுல எழுந்து ஏழு மைல் நடந்து ஆறு மணிக்குள்ள அடுப்புக்கிட்ட நின்னா. வேலையைக் காப்பாத்திக்க வந்தவ அப்படித்தான் வருவா."

"அப்ப ஸ்பூனை யாரு எடுத்தது?" என்று கேட்டது மாரீன்.

"பாதிரியார் தாள்ல, அன்னிக்கு வீட்ல இல்லாதவங்க பேரெல்லாம் இருக்கு. இருந்த ஒருத்தர் பேர் இல்ல. சொல்லாம கொள்ளாம வந்து, அங்கேயே தூங்கி, விடியல்லயே கிளம்பின கேப்டன். புதன்கிழமை விசாரணையில சமையல்காரியைக் கேட்டாங்க, ஹன்னாவைக் கேட்டாங்க. அவரை ஒரு கேள்வி கூடக் கேக்கல."

"அவன்தான் திருடன்," என்றார் நார்மன்.

"நான் அப்படிச் சொல்லல. ஆதாரம் இல்லாம ஒருத்தரைத் திருடன்னு சொன்னா என்ன ஆகும்னு ரெஜ்ஜைக் கேளுங்க."

எல்லோரும் ரெஜ்ஜைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். மாரீன் கை கொடுக்கப் போனாள், வேண்டாம் என்றார். நேராகப் பலகைக்கு நடந்துபோய் மேசைத்துணியை இழுத்தார். ஓடுகிற பெண், பறக்கிற தொப்பி, ஏப்ரனிலிருந்து எட்டிப் பார்க்கும் வெள்ளி. கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தப்பா வரைஞ்சிருக்கான்," என்றார். "இவ ஓடற ஆளு இல்ல."

டெரிக் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கதவு வரை போனான். வெளியே ஏணியோடு நின்ற மச்சானிடம், "இன்னிக்கு மாட்டலப்பா. கலப்பை கலப்பையாவே இருக்கட்டும்," என்றான். "ஏணிக்கூலியைக் கேக்காத, ஒரு பைன்ட் பீர் குடிச்சிட்டுப் போ."

க்ராடக் பேனாவை எடுத்துத் தன் புத்தகத்தில் ஒரு பக்கத்தை முழுவதும் குறுக்காக அடித்தார். பிறகு நார்மனிடம் ஷெப்ஸ்டன் பக்கத்தின் எண்ணைக் கேட்டு ஓரத்தில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு ரெஜ்ஜிடம் கையை நீட்டினார். ரெஜ் அந்தக் கையைக் கொஞ்சம் காக்க வைத்தார். பிறகு பிடித்தார்.

"நாளைக்கு ஷெப்ஸ்டன் போகணும், அப்பா," என்றாள் மாரீன். "சேராவோட கல்லறை இருக்கான்னு பாக்கலாம். நான் கேக் பண்றேன்."

"மேட்டுப் பாதையிலயா?"

"பஸ்ல."

டெரிக் குவளையைக் குழாய்க்கு அடியில் பிடித்தபடி, பழக்க தோஷத்தில், "ஸ்பூன், உனக்கு என்ன ஊத்தட்டும்?" என்றான். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். அதைச் சமாளிக்க அவனே சிரித்தான். "ரெஜ், அறுபது வருஷப் பழக்கம், ஒரு நாள்ல போகுமா? உன்னை இனிமே என்னன்னுதான் கூப்பிடறது? கேக்னா?"

ரெஜ் ஜன்னலுக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்தார்.

"கூப்பிடு," என்றார். "அது அவ சொந்தக் காசுல வாங்கின மாவு."